மறதி நோய்: வீட்டுச் சுமையா, நாட்டின் பொறுப்பா?

ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 21ஆம் நாளை உலக அல்சைமர் தினமாகக் கடைப்பிடிக்கிறோம். நாளிதழில் ஒரு கட்டுரை, மருத்துவமனையில் ஓர் இலவச முகாம் என்று அந்த நாள் முடிந்துவிடுகிறது. மறுநாள் முதல் அந்த நோயாளியை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வி மட்டும் வீட்டுக்குள்ளேயே கிடக்கிறது.

டிமென்ஷியா எனப்படும் மறதி நோயை, 'வயதானால் அப்படித்தான்' என்று நாம் இன்றும் ஒதுக்கிவிடுகிறோம். நம் நாட்டில் 60 வயதைக் கடந்தோரில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ 88 இலட்சம் பேருக்கு இந்நோய் இருப்பதாக 2023ஆம் ஆண்டு வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரங்களைவிடக் கிராமங்களிலும் இது அதிகம் என்று அந்த ஆய்வு கண்டது. 2036ஆம் ஆண்டில் இவ்வெண்ணிக்கை 1 கோடியே 69 இலட்சம் ஆகும் என்பது அதன் கணிப்பு.

நம் தரமணியைச் சுற்றிப் பார்ப்போம். மருத்துவர் கே. எஸ். சஞ்சீவி 1958ஆம் ஆண்டு நிறுவிய வி.எச்.எஸ். மருத்துவமனை இங்கே இருக்கிறது. அடுத்துள்ள ஐ.ஐ.டி. வளாகத்தில் 2022ஆம் ஆண்டு தொடங்கிய மூளை ஆய்வு மையம், மனித மூளையை நுணுக்கமாகப் படம்பிடித்து வருகிறது. கிண்டியில் 2024ஆம் ஆண்டு முதியோருக்கான தேசிய மருத்துவ மையம் திறக்கப்பட்டது. அறிவுக்கும் ஆய்வுக்கும் இங்கே பஞ்சமில்லை. ஆனால் இதே தரமணியின் குறுகிய தெருவிலிருந்து காலை ஏழு மணிக்கு வீட்டு வேலைக்குப் புறப்படும் ஒரு பெண், நினைவு தப்பிய தன் மாமியாரை எங்கே விட்டுச் செல்வார்? கதவை வெளியே பூட்டிவிட்டுத்தான் போகிறார். போய், அடையாற்றில் இன்னொரு வீட்டில், அதே நோயுள்ள ஒரு பாட்டியைக் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டுச் சம்பளம் வாங்குகிறார். அவரைக் குறைசொல்ல நமக்கு வாய் வராது.

தந்தையின் அறிவாற்றல் குறைந்துபோனாலும் அவரிடம் பொறுமையாய் இருக்கவேண்டும், நமக்கு வலிமை இருப்பதற்காக அவரை இகழக் கூடாது என்று சீராக்கின் ஞான நூல் மூன்றாம் அதிகாரம் பிள்ளைகளுக்கு அறிவுறுத்துகிறது. மறையுரைகளில் இதை அடிக்கடி எடுத்துச் சொல்கிறோம். கேட்டுவிட்டுத் தலையாட்டுபவர் பெரும்பாலும் மகன். வீட்டில் செய்து முடிப்பவர் மருமகள், அல்லது திருமணமாகாத மகள். வேலையை விட்டு, இரவுத் தூக்கத்தையும் விட்டு நிற்கும் அவருக்குத் தோள்கொடுப்பது யார்?

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2007ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டம், பிள்ளைகளிடம் பணம் கேட்டுப்பெற வழிசெய்கிறது. 70 வயதைக் கடந்த அனைவருக்கும் 5 இலட்சம் ரூபாய்க் காப்பீடு 2024ஆம் ஆண்டு வந்தது. ஆனால் அது மருத்துவமனையில் படுத்தால்தான் கிடைக்கும். மறதி நோயாளிக்குத் தேவை ஆண்டுக்கணக்கில் கூடவே இருக்கும் ஒரு துணை. தமிழக அரசு 2023ஆம் ஆண்டு முதியோர் உதவித்தொகையை 1,200 ரூபாயாக உயர்த்தியது நல்லதுதான். பெரியவர்களுக்கான டயப்பர் வாங்கவே அது மாதம் முழுவதும் போதாது.

சட்டத்தில் உள்ள ஓட்டை இதைவிடப் பெரிது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் பட்டியலிட்ட 21 வகைகளில் டிமென்ஷியாவின் பெயர் இல்லை. ஆட்டிசம், மூளை முடக்குவாதம் போன்றவற்றுக்குச் சட்டப்படி காப்பாளரை நியமிக்க 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் இடமளிக்கிறது. இந்த முதியவர்களுக்கு அதிலும் இடமில்லை. முன்பே எழுதிக்கொடுத்த பவர் பத்திரமும், எழுதியவர் சிந்தை இழந்தபின் செல்லாது. ஆகவே கையெழுத்தை மறந்துவிட்ட தந்தையின் கணக்கிலிருந்து, அவருடைய மருந்துச் செலவுக்கே பணம் எடுக்க, குடும்பம் உயர் நீதிமன்றம்வரை போக நேரிடுகிறது. மருத்துவம் மாநிலப் பட்டியலில் உள்ளது என்று தில்லி இதில் கைகழுவ முடியாது. இவை நாடாளுமன்றம் இயற்றிய சட்டங்கள், திருத்தவேண்டியதும் நாடாளுமன்றமே.

டிமென்ஷியாவுக்கெனத் தேசியத் திட்டம் வகுக்குமாறு உலகச் சுகாதார நிறுவனம் 2017ஆம் ஆண்டு உறுப்பு நாடுகளைக் கேட்டது. 2025ஆம் ஆண்டுக்குள் நான்கில் மூன்று பங்கு நாடுகள் வகுத்திருக்க வேண்டும் என்ற இலக்கு எட்டப்படவில்லை. கெடுவை 2031 வரை நீட்டியிருக்கிறார்கள். தென் கொரியாவும் பெற்றோரைப் பிள்ளைகளே பேணவேண்டும் என்ற மரபுள்ள நாடுதான். அங்கே 2017ஆம் ஆண்டு 'டிமென்ஷியாவுக்கு நாடே பொறுப்பு' என்று அறிவித்து, நாடெங்கும் 256 மையங்களை அமைத்தார்கள். இங்கே கேரளம் 2014ஆம் ஆண்டிலேயே தன் அளவில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. தமிழகத்தில் 2021ஆம் ஆண்டு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளர்கள், இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வீட்டுக்கே வந்தார்கள். அத்தகைய பணியாளர்கள் நினைவாற்றல் பற்றியும் நான்கு கேள்வி கேட்பதற்குப் பெரிய செலவு ஆகாது.

நம் பக்கமும் பார்க்கவேண்டும். திருச்சபை நடத்தும் முதியோர் இல்லங்கள் உட்படப் பல இல்லங்கள், தம் காரியத்தைத் தாமே பார்த்துக்கொள்பவரை மட்டுமே சேர்க்கின்றன. ஆள் பற்றாக்குறை உண்மைதான். ஆனால் பிள்ளையின் பெயரையே மறந்த பாட்டி, செபமாலை தொடங்கியதும் சொல் பிசகாமல் கூடவே சொல்வதை நற்கருணை கொண்டுசெல்லும் வீடுகளில் நாம் பார்க்கிறோம். அந்த ஆள் எங்கும் போய்விடவில்லை.

திருத்தந்தை பிரான்சிஸ் 2021ஆம் ஆண்டு ஏற்படுத்திய தாத்தா பாட்டியர் உலக நாளன்று, ஜூலை நான்காம் ஞாயிறு திருப்பலியில் முதியோருக்குப் பொன்னாடை போர்த்துகிறோம். கோவிலுக்கு வரமுடிந்தவர்களுக்கு மட்டும். வரமுடியாதவர்கள் எத்தனை பேர், எந்த வீட்டில், அவரை யார் பார்த்துக்கொள்கிறார் என்று ஒவ்வோர் அன்பியமும் கணக்கெடுத்தால் ஒரு மாதத்தில் முடிந்துவிடும். மனுவோடு தென்சென்னை நாடாளுமன்ற உறுப்பினரைப் பார்க்கப் போகும்போது அந்தக் கணக்கும் கையில் இருக்கட்டும். பெயர்கள் வேண்டாம், எண்ணிக்கை போதும்.