விசில் தப்பு ஒரு ஆட்டம். நிர்வாகத் தப்பு ஒரு சீசன்!

கணியூர் டீக்கடை பெஞ்சில் சினிமாவும் அரசியலும் ஓய்ந்தால் கால்பந்து ஆரம்பமாகிவிடும். உடுமலையைத் தாண்டி மறையூர் மலை ஏறினால் கேரளா. அந்தப் பக்கத்துக் கால்பந்துக் காய்ச்சல் இந்தப் பக்கம் தொற்றாமல் இருக்குமா? கேரளா பிளாஸ்டர்ஸ் அணியின் மஞ்சள் சட்டைக் கட்சி ஒன்று. சென்னையின் எப்.சி.யின் நீலச் சட்டைக் கட்சி ஒன்று.

"ஏனுங்க, விசிலே அடிக்காம உதைச்சா அது எப்படிங்க கோல் ஆகும்?" என்பார் ஒருவர்.

"அட போங்ணா! விசில் அடிச்சுத்தான் உதைக்கணும்னு எந்தச் சட்டத்துல இருக்குது?" என்பார் இன்னொருவர்.

டீ ஆறிவிடும். வாக்குவாதம் ஆறாது!

என்ன நடந்தது?

இந்த வழக்கு பிறந்தது 2023 மார்ச் 3-ந் தேதி. இடம், பெங்களூரு கண்டீரவா ஸ்டேடியம். ஐ.எஸ்.எல். போட்டியின் நாக்-அவுட் ஆட்டம். பெங்களூரு எப்.சி.யும் கேரளா பிளாஸ்டர்சும் மோதின. 90 நிமிடம் முடிந்தும் கோல் இல்லை. கூடுதல் நேரம் தொடங்கியது. 96-வது நிமிடத்தில் பெங்களூருவுக்கு பிரீகிக். கேரள வீரர்கள் தடுப்புச் சுவர் அமைத்துக்கொண்டிருந்தார்கள். கோல் கீப்பரும் தயாராகவில்லை. சுனில் சேத்ரி சட்டென்று பந்தை உதைத்தார். வலைக்குள் போய் விழுந்தது. நடுவர் "கோல்" என்றார்!

கேரள அணி கொதித்தது. பயிற்சியாளர் இவான் வுகமனோவிச் தன் வீரர்களை மைதானத்தை விட்டே வெளியே அழைத்துக்கொண்டார். நடுவர் காத்திருந்தார். யாரும் திரும்பவில்லை. பெங்களூரு வென்றதாக அறிவிப்பு வந்தது.

மறு ஆட்டம் கேட்டு கேரள கிளப் போட்ட மனு தள்ளுபடியானது. மார்ச் 31-ந் தேதி அகில இந்திய கால்பந்து சம்மேளனம் தண்டனை விதித்தது. கிளப்புக்கு 4 கோடி ரூபாய் அபராதம். பயிற்சியாளருக்கு 10 ஆட்டத் தடை, 5 லட்சம் அபராதம். இதுபோக பகிரங்க மன்னிப்பும் கேட்க வேண்டும் என்று உத்தரவு.

சட்டம் என்ன சொல்கிறது?

சாதாரண பிரீகிக்குக்கு விசில் தேவையில்லை. அடிபட்ட அணி காத்திருக்காமல் உடனே உதைக்கலாம். தப்பு செய்தவன் சுவர் கட்டி முடிக்கும் வரை அடிபட்டவன் ஏன் காத்திருக்க வேண்டும் என்பதே அதன் நியாயம். ஆனால் நடுவர் தலையிட்டு, எதிரணியை 10 கெஜம் தள்ளி நிறுத்தத் தொடங்கிவிட்டால் கதை வேறு. அதன்பின் விசில் அடித்த பிறகுதான் உதைக்க வேண்டும்.

சண்டை முழுவதும் இங்கேதான். நடுவர் தலையிட்டுவிட்டார் என்பது கேரள தரப்பின் வாதம். "விசிலும் வேண்டாம், சுவரும் வேண்டாம் என்று முன்பே நடுவரிடம் சொல்லிவிட்டேன்" என்ற பொருளில் பேசினார் சேத்ரி. அன்று வீடியோ நடுவர் வசதியும் இல்லை. களத்தில் நடுவர் கண்டதே முடிவு.

கேரள ரசிகர்களின் கோபத்தில் நியாயம் இருக்கலாம். ஆனால் ஆட்டத்தைப் பாதியில் விட்டுப் போனதால் நஷ்டம் யாருக்கு? இன்னும் 20 நிமிடத்துக்கு மேல் பாக்கி இருந்தது. ஒரு கோல் போட்டிருந்தால் சமன். டிக்கெட் வாங்கி, ராத்திரி பஸ் பிடித்துப் போன ரசிகனின் அந்த வாய்ப்பையும் சேர்த்தல்லவா கைகழுவிவிட்டார்கள்!

கல்கத்தா தந்த பாடம்

கோபம் எல்லை மீறினால் என்ன ஆகும் என்பதற்குக் கல்கத்தா சாட்சி. 1980 ஆகஸ்டு 16-ந் தேதி ஈடன் கார்டனில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதின. களத்தில் நடந்த முரட்டு ஆட்டம் கேலரியில் கலவரமாக வெடித்தது. 16 ரசிகர்கள் செத்துப்போனார்கள். ஆட்டம் பார்க்கப் போன 16 பேர் வீடு திரும்பவில்லை. எந்த கோலுக்கும் அந்த விலை கிடையாது.

வாயால் எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடலாம். அது கால்பந்தின் ருசி. கை நீளக் கூடாது.

பெரிய தப்பு எது?

நடுவரின் ஒரு விசிலை ஆண்டுக்கணக்கில் அலசும் ரசிகர்கள், கிளப் விவகாரத்தில் எவ்வளவு பேசினார்கள்?

2025-ல் ஐ.எஸ்.எல். போட்டியே நின்றுபோனது. போட்டியை நடத்திய எப்.எஸ்.டி.எல். நிறுவனத்துக்கும் சம்மேளனத்துக்கும் இருந்த 15 ஆண்டு ஒப்பந்தம் டிசம்பர் 8-ந் தேதியோடு முடிவதாக இருந்தது. அடுத்தது என்ன என்று முடிவாகவில்லை. ஜூலையிலேயே போட்டி நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்டில் பெங்களூரு கிளப், வீரர்களுக்கும் ஊழியர்களுக்கும் சம்பளத்தை நிறுத்தியது. 2015-லும் 2018-லும் கோப்பை வென்ற சென்னையின் எப்.சி. தன் பணிகளையே நிறுத்திவைத்தது. வழக்கமாக செப்டம்பரில் தொடங்கும் போட்டி 2026 பிப்ரவரி 14-ல் தொடங்கும் என்று மத்திய அமைச்சர் அறிவித்ததே ஜனவரி 6-ந் தேதிதான்.

பனியன் கம்பெனிக்காரர்களுக்கு இது சுலபமாகப் புரியும். செக்கிங்கில் நல்ல பீஸ் ஒன்றைத் தவறாகக் கழித்துவிட்டால் நஷ்டம் ஒரு பீஸோடு போகும். "மறு அறிவிப்பு வரை வேலை இல்லை" என்று கேட்டில் போர்டு மாட்டினால்? கட்டிங் மாஸ்டர் முதல் கைமடி ஆள் வரை அத்தனை பேர் வீட்டிலும் அடுப்பு அணையும். நடுவரின் தப்பு முதல் வகை. நிர்வாகத்தின் தப்பு இரண்டாம் வகை.

என்ன செய்ய வேண்டும்?

ஒன்று: சர்ச்சைக்குரிய தீர்ப்புக்குச் சம்மேளனம் இரண்டே நாளில் விளக்கம் தர வேண்டும். இங்கிலாந்தில் 2023 முதல் நடுவர்கள் ஆட்டத்தின்போது பேசிக்கொண்டதை டி.வி.யிலேயே ஒலிபரப்பி, எது சரி, எது தப்பு என்று சொல்கிறார்கள். அங்கே நடுவரின் மரியாதை குறைந்தா போய்விட்டது?

இரண்டு: கிளப் விவகாரத்தில் ரசிகனுக்கும் குரல் வேண்டும். ஜெர்மனியில் ஒருசில கிளப்புகள் தவிர மற்றவற்றில் பாதிக்கு மேற்பட்ட ஓட்டு உறுப்பினர்கள் கையில்தான் இருக்க வேண்டும் என்பது விதி. முதலாளி நினைத்த மாத்திரத்தில் கடையைச் சாத்த முடியாது. இங்கே அந்த அளவுக்கு உடனே போக முடியாவிட்டாலும், ரசிகர் சங்கத்தைக் கூப்பிட்டுக் கணக்கு வழக்கைச் சொல்லவாவது செய்யலாமே?

மூன்று: ரசிகர்களும் கேள்வியை மாற்ற வேண்டும். "விசில் அடிச்சாரா, இல்லையா?" என்று கேட்டது போதும். "அடுத்த வருஷம் ஆட்டம் உண்டா? வீரனுக்குச் சம்பளம் உண்டா?" என்று கேட்கட்டும்.

ஆட்டம் நடந்தால்தானே நடுவரைத் திட்டவாவது முடியும்!