தானம் கொடுப்போம், தரம் பார்த்துக் கொடுப்போம்

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பது பழமொழி. அது வாங்குகிறவருக்குச் சொன்னது. அவர் பார்க்கக்கூடாது என்றால், கொடுக்கிறவர்தான் பார்த்துக் கொடுத்தாக வேண்டும். உணவு வங்கிகளுக்கும் அன்னதானக் கூடங்களுக்கும் நிவாரண முகாம்களுக்கும் நம் கடைகளிலிருந்து போகும் சரக்கைப் பற்றி நாம் யோசிக்க வேண்டிய விஷயம் இது.

கொடுப்பதில் வணிகர்கள் யாருக்கும் சளைத்தவர்கள் அல்லர். 2004 சுனாமி, 2015 சென்னை வெள்ளம், 2018 கஜா புயல், 2020 ஊரடங்கு என்று ஒவ்வொரு சோதனையிலும் மண்டிகளும் மளிகைக் கடைகளும் மூட்டை மூட்டையாகக் கொடுத்தன. ஆனால் கொடுத்ததெல்லாம் பயன்பட்டதா என்பது வேறு கேள்வி. சுனாமிக்குப் பின் நாகப்பட்டினம் சாலையோரங்களில் பழைய துணிகள் குவிந்து கிடந்ததை நாடே பார்த்தது. கொடுத்தவர்கள் நல்ல மனதோடுதான் கொடுத்தார்கள். என்ன தேவை என்று கேட்காமல் கொடுத்தார்கள். உணவுப் பொருளிலும் இது நடக்கக்கூடாது.

தானம் என்றதும் நம் கை முதலில் அரிசி மூட்டைக்குப் போகிறது. தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் அரிசி அட்டைதாரர்களுக்கு ரேஷனில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. அட்டை உள்ள ஏழை வீட்டில் பெரும்பாலும் குறைவது அரிசி அல்ல. அதோடு சேர வேண்டிய பருப்பு, எண்ணெய், புளி, மிளகாய்த்தூள் ஆகியவைதாம். ரேஷனில் மாதம் ஒரு கிலோ கிடைக்கும் துவரம்பருப்பு, ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு எத்தனை நாள் வரும் என்று மளிகைக்காரர்களான நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 100 கிராம் அரிசியில் சுமார் 7 கிராம் புரதம் என்றால், அதே எடை துவரம்பருப்பில் சுமார் 22 கிராம். வளரும் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு ஒரு சிப்பம் அரிசியைவிட ஐந்து கிலோ பருப்பு பெரிய உதவி.

யாருக்குப் போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். பொதுச் சமையல் கூடத்துக்கு 25 கிலோ சிப்பமும் 15 கிலோ எண்ணெய் டின்னும் வசதி. வீடுகளுக்குப் பிரித்துக் கொடுப்பதென்றால் அரை லிட்டர் எண்ணெய்ப் பாக்கெட்டும் ஒரு கிலோ பருப்புப் பொட்டலமும்தான் உதவும். புயலால் மின்சாரம் போன ஊரில் இட்லி அரிசியும் உளுந்தும் கொடுத்தால் எதில் அரைப்பார்கள்? அங்கே அவல், பொட்டுக்கடலை, வெல்லம், பிஸ்கட், மெழுகுவத்தி, தீப்பெட்டி ஆகியவையே முதல் தேவை. வடமாநிலத் தொழிலாளர் குடியிருப்பு என்றால், கோதுமை மாவும் கடுகு எண்ணெயும் வேண்டுமா என்று அவர்களிடமே கேட்டுவிடலாம்.

நல்லெண்ணத்தோடு பலர் பால்மாவு டின்களையும் சேர்த்து வைக்கிறார்கள். தாய்ப்பாலுக்குப் பதிலான குழந்தைப் பால்மாவு, பால்புட்டி, குழந்தை உணவு ஆகியவற்றை அனாதை இல்லங்களுக்குத் தவிர வேறு எவருக்கும் நன்கொடையாக வழங்குவதை 1992-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. காரணம் எளியது. நல்ல தண்ணீர் இல்லாத இடத்தில் கரைத்த பால், குழந்தைக்கு வயிற்றுப்போக்கைத்தான் தரும்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் பேசியாக வேண்டும். ஓடாத சரக்கைத் தள்ளிவிடும் இடமாகத் தானத்தை நினைப்பவர்கள் நம்மிடையே இல்லை என்று சொல்ல முடியாது. வண்டு விழுந்த ரவை, காறல் வாடை வீசும் எண்ணெய், நாலு நாளில் தேதி முடியும் பிஸ்கட் இவற்றைப் பசித்தவன் மறுக்க மாட்டான். அதனாலேயே நாம் கொடுக்கக்கூடாது. வாடிக்கையாளருக்கு எடை போட்டுக் கொடுக்கக் கூசும் பொருள் தானத்துக்கும் ஆகாது. உபரி உணவை மீட்டு வழங்குவதற்கென்று 2019-இல் தனி ஒழுங்குமுறையே வந்திருக்கிறது. இலவசம் என்பதற்காக உணவுப் பாதுகாப்பில் சலுகை கிடையாது. நல்ல சரக்குதான், ஆனால் நம் ஏரியாவில் போகவில்லை என்றால், தேதி முடிய இரண்டு மாதம் இருக்கும்போதே கொடுத்துவிடலாம். கடைசி வாரத்தில் கொடுத்தால் நம் குப்பையை அவர்கள் வாசலுக்கு மாற்றியதாகத்தான் ஆகும். இலவசமாகக் கொடுக்கும் சரக்குக்கு ஜி.எஸ்.டி.யில் உள்ளீட்டு வரி வரவு கிடையாது என்பதால், கணக்கில் அதைத் தனியாக எழுதிக்கொள்வதும் அவசியம்.

இதற்குச் சங்கங்கள் ஒரு வழி செய்யலாம். உள்ளூர் உணவு வங்கி நடத்துபவர்களிடம் மாதம் ஒருமுறை தேவைப் பட்டியல் வாங்கி, பருப்பு இந்தக் கடை, எண்ணெய் அந்தக் கடை என்று பகிர்ந்துகொண்டால் ஒரே பொருள் குவியாது. யாருக்கும் பாரமும் இல்லை. மொத்த வியாபாரிகள் அடக்க விலைக்குத் தந்தால் சிறுகடைக்காரரும் பங்கெடுக்க முடியும். மே 5 வணிகர் தினத்தன்று மேடையில் ஒருநாள் வழங்குவதோடு நில்லாமல், மாதந்தோறும் தொடர வேண்டும்.

சரக்கின் தரமும் ஆயுளும் நம்மைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யார்? வியாபாரத்தில் காட்டும் அந்தக் கவனத்தைத் தருமத்திலும் காட்டுவோம்.