விக்கிப்பீடியாவில் முதல் கட்டுரை - இலத்தூரை வைத்து ஒரு பாடம்

தமிழ் விக்கிப்பீடியாவுக்குப் புதிதாக வருபவர் முதலில் தேடிப் பார்ப்பது சொந்த ஊர்ப் பெயரைத்தான். இரண்டு வரி இருக்கும், இல்லாவிட்டால் ஒன்றுமே இருக்காது. உடனே "இயற்கை அன்னை கொலுவீற்றிருக்கும் எழில்மிகு கிராமம்" என்று ஆரம்பித்து விடுகிறார். மறுநாள் வந்து பார்த்தால் பாதியைக் காணோம்! கோபம் வருகிறது, போய்விடுகிறார். அதன் பிறகு அந்த ஊரைப் பற்றி எழுத ஆளே இல்லை.

தவறு யாருடையது? எழில்மிகு கிராமம் எழுதியவருக்குப் பாதி. பேச்சுப் பக்கத்தில் ஒரு வரி காரணம் கூடச் சொல்லாமல் நீக்கிய பழைய பயனருக்கு மீதிப் பாதி.

குற்றாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இலத்தூரையே எடுத்துக்கொள்வோம். முதல் சிக்கல் பெயரிலேயே இருக்கிறது. செங்கல்பட்டு மாவட்டத்தில் இலத்தூர் என்றே ஓர் ஊராட்சி ஒன்றியம் உண்டு. 1993ல் பூகம்பம் வந்த மகாராஷ்டிர நகரத்தின் பெயரும் கிட்டத்தட்ட இதுதான். ஆகவே எந்த மாவட்டத்து இலத்தூர் என்று முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும். அந்த மாவட்டத்தையும் பழைய புத்தகத்தைப் பார்த்து எழுதினால் தப்பாகிவிடும். தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பரில்தான். அதற்கு முன் அச்சானதெல்லாம் திருநெல்வேலி என்றுதான் சொல்லும். இப்படிப் பழசாகிப்போன ஒரு வரியைத் திருத்துவதே புதியவருக்கு நல்ல முதல் வேலை. புதுக் கட்டுரைதான் தொடங்க வேண்டும் என்று யார் சொன்னது?

அடுத்தது கோயில். இலத்தூர் மதுநாதசுவாமியை அகத்தியர் வழிபட்டார் என்பது தலபுராணம். அதைத் தாராளமாக எழுதலாம், ஆனால் "தலபுராணம் கூறுகிறது" என்று எழுத வேண்டும். "பல்லாயிரம் ஆண்டுப் பழமை" என்று போட்டால் சான்று கேட்பார்கள். தாத்தா சொன்னார் என்றால் ஏற்க மாட்டார்கள். (தாத்தா சொன்னது சரியாகவே இருக்கலாம். ஆனால் படிப்பவர் அதை எங்கே போய்ச் சரிபார்ப்பார்?)

சான்றுக்கு எங்கே போவது? நூலகத்துக்குத்தான். கால்டுவெல் 1881ல் எழுதிய திருநெல்வேலி வரலாறு இருக்கிறது, பேட் தொகுத்த 1917ஆம் ஆண்டு மாவட்ட கெசட்டியர் இருக்கிறது. செங்கோட்டை பற்றி எழுதுபவர் இன்னும் கொஞ்சம் மேற்கே பார்க்க வேண்டும். 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்தோடு சேரும் வரை அது மலையாளப் பக்கம் இருந்த ஊர். அதனால் நாகம் அய்யாவின் 1906 திருவிதாங்கூர் நூலையும் புரட்டாமல் முடியாது. மக்கள்தொகை எழுதினால் 2011 கணக்கெடுப்பு என்று ஆண்டைச் சேர்த்து எழுத வேண்டும். ஆண்டு இல்லாத எண்ணால் யாருக்கும் பயனில்லை.

ஆங்கிலக் கட்டுரையை மென்பொருளில் போட்டு மொழிபெயர்த்து ஒட்டுவது இன்னொரு வியாதி. இது புதிதல்ல. 2009 வாக்கில் கூகுள் நிறுவனமே மொழிபெயர்ப்பாளர்களை வைத்துத் தமிழில் கட்டுரைகளை ஏற்றியது. படிக்க முடியாத வாக்கியங்களும் தேவையில்லாத தலைப்புகளும் குவிந்து, தமிழ்ப் பயனர்கள் திருத்தித் திருத்திக் களைத்துப் போனார்கள். இன்றைய மென்பொருள் எவ்வளவோ மேல்தான். ஆனால் ஆங்கிலத்தில் இல்லாத இலத்தூர்ச் செய்தியை அது எங்கிருந்து கொண்டுவரும்?

தமிழுக்கு இந்த வேலை பழக்கமில்லாததும் அல்ல. சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணி 1910ல் வெளிவந்தது. அது ஒற்றை ஆளின் உழைப்பு! 2003ல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா, பல பேர் கைசேர்ந்து 2017ல் ஒரு லட்சம் கட்டுரைகளைத் தாண்டியது. தப்பு செய்து பழக மணல்தொட்டி இருக்கிறது, கேள்வி கேட்க ஆலமரத்தடி இருக்கிறது.

கடைசியாகப் படங்கள். இணையத்தில் கிடைத்ததை எடுத்துப் போட்டால் காப்புரிமைச் சிக்கலில் நீக்கிவிடுவார்கள், சொந்தமாக எடுத்ததையே ஏற்ற வேண்டும். சீசனுக்குக் குற்றாலம் போகிற கூட்டமெல்லாம் அருவியைத்தான் எடுக்கிறது. பொதுவகத்தில் பேரருவிக்குப் பஞ்சமில்லை. இலத்தூர்க் குளத்தை யாராவது, தண்ணீர் இருக்கும்போது ஒன்று, வற்றிய பிறகு ஒன்று என்று தேதி போட்டு எடுத்து ஏற்றினால் தேவலை.