புகைக் கணக்கு

பூமியின் வெப்பத்தை ஏற்றும் வாயுக்களை எந்தத் தேசம் திறமையாகக் குறைத்து வருகிறது என்று சர்வதேச சபைகளில் கணக்குப் பார்க்கிறார்கள். பிரிட்டன் முன்வரிசையில் நிற்கிறது. 1990ஆம் வருஷத்தில் தன் எல்லைக்குள் வெளியிட்டதில் ஏறக்குறையப் பாதியைக் குறைத்துவிட்டது. 2024 செப்டம்பரில் தன் கடைசி நிலக்கரி மின்நிலையத்தையும் மூடிவிட்டது. 1882லேயே லண்டனில் கரியை எரித்து ஊருக்கு மின்சாரம் விற்ற தேசம் இது. பாராட்ட நாம் தயங்கவில்லை.

ஆனால் கணக்கில் ஒரு சூக்ஷ்மம் உண்டு. ஆங்கிலேயர் உடுத்தும் துணியும் வாங்கும் இரும்பும் அந்நிய தேசத்தில் உற்பத்தியானால், அதன் புகை அந்தத் தேசத்தின் பற்றில் ஏறுகிறது. சரக்கு அவர்களுக்கு, புகை நமக்கு! நம் பஞ்சை மலிவாக வாங்கித் துணியாக்கி நமக்கே விற்ற வியாபாரத்தை அறிந்தவர்களுக்கு இது புதிதன்று. வருஷத்துக்குத் தலைக்கு ஏறக்குறைய 14 டன் கரியமில வாயு வெளியிடும் அமெரிக்கரையும் 2 டன் வெளியிடும் இந்தியரையும் ஒரே தராசில் வைத்துச் சதவிகிதம் பேசுவது நியாயமா?

இந்தியா ஏற்ற அளவுகோல் வேறு. தேசிய உற்பத்தியில் ஒரு ரூபாய்க்கு எவ்வளவு வாயு என்பதே அது. 2005க்கும் 2020க்கும் இடையே அது 36 சதவிகிதம் குறைந்ததாகச் சர்க்கார் ஐக்கிய நாடுகள் சபைக்கு அறிவித்திருக்கிறார்கள். 2030க்குள் 45 என்பது வாக்குறுதி. ஆயினும், உற்பத்தி பெருகப் பெருக மொத்தப் புகை ஏறுவதற்கும் இவ்வளவுகோல் இடந்தருகிறது என்பதை மறைக்கலாகாது.

ஆகவே கையிலுள்ள சாதனங்களை எப்படி ஆளுகிறோம் என்பதே கேள்வி. தேனி ஜில்லாவைப் பாருங்கள். 1895ல் திறக்கப்பட்ட பெரியாறு அணையின் நீர், மலையைக் குடைந்த வழியே வந்து, லோயர் கேம்பில் மின்சாரம் தந்துவிட்டுக் கம்பம் பள்ளத்தாக்கின் நெல்வயல்களுக்குப் பாய்கிறது. ஒரே நீருக்கு இரண்டு வேலை. கம்பம் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் சீறிவரும் காற்றோ ஆண்டிபட்டிப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. இப்படிக் காற்று மிகுந்த நாட்களில், மின்பாதை கொள்ளாதென்று ஆலைகளை நிறுத்தச் சொன்ன சந்தர்ப்பங்கள் தமிழ்நாட்டில் பல. இதைவிட விரயம் வேறென்ன?

மிகுந்த மின்சாரத்தால் நீரை மேலேற்றி, வேண்டும்போது இறக்கி மின்சாரமாக்கும் வித்தை நமக்குத் தெரியாததன்று. கோவை ஜில்லா கடம்பாறையில் 400 மெகாவாட் நிலையம் கட்டியவர்கள் நாமே. அத்தகைய நிலையங்களும் அகன்ற மின்பாதைகளும் உடனே பெருக வேண்டும். பிரிட்டனிடம் நேர்மையான கணக்குக் கேட்கிறோம். சர்க்காரும் மின்வாரியமும், காற்றுக் காலத்தில் வாங்காமல் விட்ட மின்சாரம் எத்தனை யூனிட் என்பதை ஜில்லாவாரியாக மாதந்தோறும் பிரசுரிக்கட்டும். தேனியிலிருந்தே தொடங்கலாம்.