கருத்தரங்கில் பாலாறு

சுற்றுச்சூழல் சட்டக் கருத்தரங்கு என்றால் 1996-ஆம் ஆண்டின் வேலூர் தீர்ப்பு மேடையேறாமல் இருக்காது. பாலாற்றைக் கெடுத்த தோல் தொழிற்சாலைகள் மீதான அவ்வழக்கில், ‘மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும்’ என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தின் பகுதியாக உச்ச நீதிமன்றம் ஏற்றது; ஆலைக்கு 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது.

வழக்கறிஞர் எம்.சி.மேத்தா வாதாடிய வழக்கு அது. ஆனால் அரங்குகளில் வழக்கறிஞர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் வாழ்த்துரையும் பொன்னாடையும்தான். உப்பேறிய கிணற்றுத் தண்ணீரை எப்படிச் சான்றாக்குவது, பாழான நிலத்துக்கு என்ன விலை கேட்பது என்பதைத் தீர்ப்பின் நகல் சொல்லித் தராது. வழக்கு நடத்தியவர்தான் சொல்ல வேண்டும். சென்னையிலேயே பசுமைத் தீர்ப்பாயத்தின் அமர்வு இருக்கிறது. சட்டக் கல்லூரிகள் அங்கு வாதாடுவோரை, வழக்குக் கட்டுகளோடு அழைக்கட்டும்.