பள்ளிக்கூடம் அவர்களுடையது, பிள்ளை நம்முடையது

 

கோடை விடுமுறை முடியும் தறுவாயில் நம் இல்லங்களில் ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது. செம்பட்டியிலும் சித்தையன்கோட்டையிலும் மட்டுமல்ல, திண்டுக்கல் பேகம்பூரிலும் இதே கேள்விதான். “பிள்ளையைச் சிஸ்டர்மார் நடத்தும் பள்ளியில் சேர்க்கலாமா? படிப்பு நன்றாக இருக்கிறது, ஒழுங்கு இருக்கிறது. ஆனால் ஈமான் என்னவாகும்?”

இக்கேள்வியைக் கேட்கும் பெற்றோரை நான் மதிக்கிறேன். கேட்காமலே சேர்த்துவிட்டு, பிறகு திரும்பிப் பாராத பெற்றோரை எண்ணித்தான் அஞ்சுகிறேன்.

நம் வட்டாரத்தில் கத்தோலிக்கர்கள் புதியவர்கள் அல்லர். பஞ்சம்பட்டி போன்ற ஊர்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகிறார்கள். திருச்சிராப்பள்ளி மறைமாவட்டத்திலிருந்து பிரிந்து 2003ஆம் ஆண்டில் திண்டுக்கல் தனி மறைமாவட்டமாகவே ஆயிற்று. ஆலயம் எழும் இடத்தில் பள்ளிக்கூடமும் எழுவது அவர்கள் வழக்கம். அப்பள்ளிகளில் பல, அரசு உதவி பெறும் தொடக்கப்பள்ளிகள். நிர்வாகம் திருச்சபையுடையது, ஆசிரியர் ஊதியம் அரசினுடையது, பாடநூலோ தமிழகமெங்கும் உள்ள பிள்ளைகள் படிக்கும் அதே பாடநூல். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஊரகப் பகுதிகளின் உதவி பெறும் பள்ளிகளுக்கு 2024 ஜூலை 15 அன்று விரிவாக்கப்பட்டபோது, அது தொடங்கி வைக்கப்பட்ட இடம் திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியிலுள்ள புனித அன்னாள் தொடக்கப்பள்ளி என்பதையும் நினைவிற்கொள்க. ஆக, கணக்கிலும் தமிழிலும் மதம் நுழையும் என்ற அச்சம் தேவையற்றது. கவனம் வேண்டிய இடம் வேறு. காலை வழிபாடு, நீதிபோதனை வகுப்பு, விழா நாட்கள் ஆகிய மூன்றுமே அவ்விடங்கள்.

பொதுவாக இப்பள்ளிகளில் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வியும், பிற சமயப் பிள்ளைகளுக்கு நீதிபோதனையும் தனித்தனியே நடத்தப்படும். இது வெறும் பெருந்தன்மையன்று. சட்டமும் இதையே சொல்கிறது. சிறுபான்மையினர் தம் விருப்பப்படி கல்வி நிலையங்களை நிறுவி நடத்தும் உரிமையை அரசியலமைப்பின் 30ஆவது பிரிவு வழங்குகிறது. அவ்வுரிமை அவர்களுக்கும் உண்டு, நமக்கும் உண்டு. அரசின் அங்கீகாரமோ உதவியோ பெற்ற நிலையத்தில் பயிலும் எவரையும், அவர் சிறுவராயின் பாதுகாவலரின் இசைவின்றி, சமய போதனையிலோ வழிபாட்டிலோ பங்கேற்கச் செய்யலாகாது என்று 28ஆவது பிரிவின் 3ஆம் உட்பிரிவு வரையறுக்கிறது. இதை அறிந்த முஸ்லிம் பெற்றோர் எத்தனை பேர்?

கத்தோலிக்கத் திருச்சபையின் நிலைப்பாட்டையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28 அன்று கல்வியைப் பற்றியும் பிற சமயங்களைப் பற்றியும் இரு அறிக்கைகளை வெளியிட்டது. பிள்ளையின் முதல் ஆசிரியர் பெற்றோரே என்கிறது ஒன்று. முஸ்லிம்களை மதிப்போடு நோக்குவதாகக் கூறுகிறது மற்றொன்று. இந்திய ஆயர் பேரவை 2024 ஏப்ரலில் தன் பள்ளிகளுக்கு அளித்த வழிகாட்டுதலில், பிற சமய மாணவர்மீது கிறிஸ்தவ மரபுகளைத் திணிக்கலாகாது என்றும், அரசியலமைப்பின் முகவுரையைக் காலைக் கூட்டத்தில் வாசிக்க வேண்டும் என்றும் கூறியுள்ளது. எனவே நாம் பள்ளிக்குச் சென்று பணிவோடு பேசினால், அவர்கள் தமக்கென வகுத்துக்கொண்ட நெறியையே நினைவூட்டுகிறோம். அதில் சண்டைக்கு இடமில்லை.

மாற்றுச் சமயத்தவரிடம் கல்வி கற்பது மார்க்கத்தில் கூடுமா என்று சிலர் ஐயுறுகின்றனர். பத்ருப் போருக்குப் பின், மீட்புப்பணம் செலுத்த வழியற்ற கைதிகள் மதீனாவின் பிள்ளைகளுக்கு எழுதக் கற்பித்தால் அதுவே ஈடு என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஏற்றுக்கொண்டதை வரலாற்று நூல்கள் பதிவு செய்கின்றன. அந்த ஆசிரியர்கள் இணைவைப்பாளர்கள். நேற்றுவரை வாளேந்தி நின்றவர்கள். ஆயினும் எழுத்தை அவர்களிடம் பெற்றார்கள். ஈமானைப் பெற்றோரிடமும் பள்ளிவாசலிலும் பெற்றார்கள். இந்தப் பிரிவினையே நமக்கு வழிகாட்டி.

அண்மைக் காலத்துச் சான்றும் உண்டு. அப்துல் கலாம் அவர்கள் 1950இல் திருச்சி புனித வளனார் கல்லூரியில் சேர்ந்தார். விடுதியில் திருவரங்கத்து ஐயங்கார் மாணவர் ஒருவரோடும் கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர் ஒருவரோடும் ஒரே அறையில் தங்கினார். விடுதிக் காப்பாளரான பாதிரியார் சிகேரா இரவுதோறும் கையில் விவிலியத்தோடு அறை அறையாக வருவார் என்றும், தீபாவளிக்கு மாணவர்களுக்கு நல்லெண்ணெய் கொடுக்க ஏற்பாடு செய்வார் என்றும் அவரே எழுதியிருக்கிறார். ஆனால் கலாம் திருச்சிக்குச் சென்றது வளர்ந்த பருவத்தில். அதற்கு முன்பே இராமேசுவரத்தில் தந்தையாரோடு தொழுகைக்குச் சென்று பழகியிருந்தார். வேர் ஊன்றிய பிறகே செடி இடம் பெயர்ந்தது.

ஆறு வயதுப் பிள்ளைக்கு அவ்வேர் இன்னும் ஊன்றவில்லை. அதனால்தான் தொடக்கப்பள்ளிப் பருவம் நுட்பமானது. அந்த வயதில் பிள்ளை வாதத்தால் நம்புவதில்லை. பார்த்துப் பழகி நம்புகிறது. தோழி நெற்றியில் சிலுவை வரைந்தால் தானும் வரையும். குடில் அழகாக இருந்தால் அதன்முன் கைகூப்பும். வீட்டுக்கு வந்து, “அத்தா, ஏசு கடவுளின் மகனா?” என்று கேட்கும். அப்போது அதட்டுவதும், பிறர் வணங்குவதைப் பழிப்பதும் மார்க்கமாகா. பழித்தலை திருக்குர்ஆனே 6ஆம் அத்தியாயத்தில் தடுக்கிறது. “ஈஸா (அலை) அல்லாஹ்வின் தூதர். அவரை நாமும் நேசிக்கிறோம். அவருடைய தாயார் மர்யம் (அலை) பெயரால் நம் வேதத்தில் ஓர் அத்தியாயமே இருக்கிறது. ஆனால் அல்லாஹ் எவரையும் பெறவில்லை, எவராலும் பெறப்படவுமில்லை” என்று மடியில் வைத்துச் சொல்லுங்கள். இக்லாஸ் சூராவை ஓதத் தெரிந்த பிள்ளைக்கு அதன் பொருளும் தெரிந்தால் அந்தக் கேள்விக்கு விடை அதன் நாவிலேயே இருக்கும்.

இங்கேதான் நம் குறை வெளிப்படுகிறது. கத்தோலிக்கர் தம் பிள்ளைகளுக்கு வகுப்புவாரியாக மறைக்கல்விப் பாடநூல் வைத்திருக்கிறார்கள். எட்டு முதல் பத்து வயதிற்குள் புதுநன்மை வாங்கப் பிள்ளையை ஆயத்தப்படுத்துகிறார்கள். என்ன நம்புகிறோம், ஏன் நம்புகிறோம் என்று அந்த வயதுக்கேற்பக் கற்பித்து, பெற்றோரையும் அதில் இணைக்கிறார்கள். நம் மக்தபுகளில் பலவற்றின் நிலை என்ன? ஐந்து வயதும் பதினைந்து வயதும் ஒரே பாயில் அமர்கின்றன. உஸ்தாது ஒருவர், கிடைப்பது ஒரு மணி நேரம். டியூஷன் வந்தால் முதலில் நிறுத்தப்படுவது மதரஸாவே. பிள்ளை குர்ஆனை முடிக்கிறது; ஒரு சூராவுக்கும் பொருள் அறியாமல் முடிக்கிறது.

நம்மால் இயலாததன்று இது. கேரளத்தில் 1951இல் தோன்றிய சமஸ்தாவின் மார்க்கக் கல்வி வாரியம், வகுப்புவாரியான பாடநூல்களோடும் பொதுத்தேர்வுகளோடும் இன்று பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மதரஸாக்களை ஒழுங்குபடுத்தி நடத்துகிறது. அங்கும் முஸ்லிம் பிள்ளைகள் கிறிஸ்தவப் பள்ளிகளில் படிக்கிறார்கள். காலையில் மதரஸாவுக்குப் போய்விட்டே படிக்கிறார்கள்.

எனவே பெற்றோர் செய்ய வேண்டியவை சில:

சேர்க்கும் நாளிலேயே தலைமை ஆசிரியரைச் சந்தித்து, சமய வழிபாட்டில் பிள்ளை பங்கேற்காது, பிறர் வழிபடும்போது அமைதியாகவும் மரியாதையாகவும் நிற்கும் என்று எழுத்தில் தெரிவியுங்கள்.

நீதிபோதனை நூலை வாங்கிப் படியுங்கள். உண்மை, தூய்மை, பெற்றோரைப் பேணல் ஆகியவற்றை அது கற்பித்தால் மகிழுங்கள், அவை நம்முடையவையும்தாம்.

விழா நாடகங்களில் எதில் சேரலாம், எதில் கூடாது என்பதை முன்னரே பேசிக்கொள்ளுங்கள். மேடையில் பிள்ளையை அழவைத்து இறக்காதீர்கள்.

நாள்தோறும் கால் மணி நேரமேனும் பிள்ளையோடு அமர்ந்து, “இன்று என்ன கற்றாய்?” என்று கேளுங்கள். கண்காணிப்பவர் குரலில் வேண்டாம். கேட்க ஆசைப்படுபவர் குரலில் கேளுங்கள்.

ஜமாஅத் பெரியோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பள்ளிவாசலுக்குப் பளிங்கு பதிப்பதற்கு முன் மக்தபுக்கு இரண்டாவது உஸ்தாதை நியமியுங்கள். பிள்ளைகளை வயதுவாரியாகப் பிரியுங்கள். பொருளோடு கற்பியுங்கள்.

குடும்பத்தாரைக் காக்கும் கடமையைத் திருக்குர்ஆனின் 66ஆம் அத்தியாயம் நம்மீதுதான் சுமத்துகிறது. அதைச் சிஸ்டர்மாரிடம் நாம் எதிர்பார்க்க முடியாது. அவர்கள் கெடுத்துவிட்டார்கள் என்று பழிபோடவும் முடியாது. அவர்கள் தம் பிள்ளைகளுக்குத் தம் கடமையைச் செய்கிறார்கள்.

அல்லாஹ் நம் மக்களுக்குப் பயனுள்ள கல்வியையும் உறுதியான ஈமானையும் ஒருங்கே அருள்வானாக! ஆமீன்.