மிதக்கும் எண்ணெய்க்கு ஆளிருக்கிறது, மூழ்கும் எண்ணெய்க்கு?

எண்ணெய் தண்ணீரில் மிதக்கும். ஆரம்பப் பள்ளியிலேயே நாம் படித்த பாடம் இது. குழம்பின் மேல் மிதக்கும் எண்ணெயைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதில் சந்தேகமே வருவதில்லை. ஆனால், இந்தப் பாடம் எல்லா எண்ணெய்க்கும் பொருந்தாது. சில எண்ணெய்கள் மூழ்கும். ஆற்றின் அடியில் படிந்த எண்ணெயை வெளியே எடுப்பது தனிப் பயிற்சி வேண்டிய வேலை. அந்தப் பயிற்சி நம் ஊர்களுக்கு வரவேண்டும், அதற்கு நம் பிள்ளைகள் முன்வர வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது.

நான் பொந்தியானில் ஓர் இடைநிலைப்பள்ளியில் அறிவியல் கற்பிக்கிறேன். அடர்த்தி பற்றிய பாடம் வரும்போது வழக்கமான முட்டைச் சோதனையைச் செய்து காட்டுவேன். நல்ல தண்ணீரில் போட்ட முட்டை அடியில் போய் உட்காரும். உப்பைக் கரைத்துக்கொண்டே வந்தால் மெல்ல மேலே எழும். முட்டை அதேதான், தண்ணீர்தான் மாறியது.

எண்ணெய்க்கும் இதே கணக்குதான். நல்ல தண்ணீரின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 1 கிராம். கடல் நீருக்கு ஏறத்தாழ 1.025 கிராம். பெட்ரோல், டீசல், சமையல் எண்ணெய் எல்லாம் 1-க்குக் கீழே இருப்பதால் எங்கும் மிதக்கும். கப்பல்கள் எரிக்கும் கனத்த எண்ணெயோ 1-ஐ ஒட்டியே நிற்கும். சில வகைகள் 1.01 வரை போகும். அந்த எண்ணெய் கடலில் கொட்டினால் மிதக்கும். அதுவே ஆற்றில் கொட்டினால் அடிக்குப் போகலாம். இதில் சேறும் சேர்ந்துகொண்டால் நிலைமை இன்னும் மோசம். மிதந்துகொண்டிருந்த எண்ணெய்கூட மண் துகள்களோடு ஒட்டிக் கனத்து, நீருக்குள் இறங்கிவிடும். சில நேரம் அடியிலும் படியாமல், மேலேயும் வராமல், நீரோட்டத்தின் நடுவிலேயே அலைந்துகொண்டிருக்கும்.

பொந்தியான் மாணவர்களுக்கு இந்தக் கணக்கு ஏட்டுச் சுரைக்காய் இல்லை. நம் மாவட்டத்தில் எத்தனை கம்பங்களின் பெயர் 'பாரிட்' என்று தொடங்குகிறது, எண்ணிப் பாருங்கள். செம்பனைத் தோட்டங்களையும் அன்னாசித் தோட்டங்களையும் ஊடறுத்து ஓடும் அந்த வாய்க்கால்கள் கடலை அடையும் இடத்தில் தண்ணீர்க் கதவுகள் இருக்கின்றன. கதவுக்கு உள்ளே நல்ல தண்ணீர். வெளியே மலாக்கா நீரிணையின் உப்புத் தண்ணீர். கதவுக்கு வெளியே மிதக்கும் ஓர் எண்ணெய், கதவுக்கு உள்ளே அடியில் படியலாம். அதிலும் நம் சதுப்பு மண் நீர் கடுந்தேநீர் நிறத்தில் இருக்கும். அடியில் என்ன கிடக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

எண்ணெய் வர வழியில்லையா? தஞ்சோங் பின்னில் எண்ணெய்க் கிடங்கு முனையம் இருக்கிறது. ஸ்கூடாயிலிருந்து பெக்கான் நானாஸ், பொந்தியான், பெனுட் வழியாகப் பத்து பகாட் போகும் நெடுஞ்சாலை பல வாய்க்கால்களைக் கடந்து செல்கிறது. கனத்த எண்ணெயை ஏற்றிய ஒரு டேங்கர் லாரி பாலத்தில் கவிழ்ந்தால் போதும்.

மிச்சிகன் சொன்ன பாடம்

இப்படி நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பெரிய உதாரணம் அமெரிக்காவில் இருக்கிறது. 2010 ஜூலை 25-ஆம் தேதி மாலை, மிச்சிகன் மாநிலத்தின் மார்ஷல் என்ற ஊருக்கு அருகே, என்பிரிட்ஜ் நிறுவனத்தின் எண்ணெய்க் குழாய் உடைந்தது. கசிவு என்று உறுதியாகத் தெரிய 17 மணி நேரம் ஆனது. அதற்குள் ஏறத்தாழ 3.2 மில்லியன் லிட்டர் எண்ணெய் வெளியேறியிருந்தது. அது ஓடை வழியாகக் கலமசூ ஆற்றில் கலந்தது.

அந்தக் குழாயில் வந்தது சாதாரணக் கச்சா எண்ணெய் இல்லை. தார் போன்ற பிட்டுமனை இலகுவான கரைப்பானோடு கலந்து அனுப்பியிருந்தார்கள். ஆற்றில் விழுந்ததும் கரைப்பான் காற்றில் ஆவியானது. மிச்சமிருந்த கனத்த பகுதி மண்ணோடு கலந்து அடியில் படிந்தது. மேலே மிதந்ததை வழித்தெடுக்க வந்த கருவிகளால் கீழே படிந்ததைத் தொட முடியவில்லை. அந்த ஆறு ஏறத்தாழ ஈராண்டு பொதுமக்களுக்கு மூடப்பட்டிருந்தது. அடிச்சேற்றைத் தோண்டும் பணி 2013-க்குப் பிறகும் தொடர்ந்தது. செலவு 1 பில்லியன் டாலரைத் தாண்டியது.

இதில் நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. விபத்தை விசாரித்த அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், நிறுவனத்தின் மீட்புக் குழு முதல் சில மணி நேரத்தில் செய்த வேலையையும் ஆராய்ந்தது. எண்ணெய் வரும் இடத்திலேயே அதைக் கட்டுப்படுத்துவதில் அந்தக் குழு போதிய கவனம் செலுத்தவில்லை. சரியான தடுப்பு முறைகளைப் பற்றிய விழிப்பும் பயிற்சியும் அதற்கு இல்லை என்று வாரியம் தன் அறிக்கையில் பதிவு செய்தது. வேகமாக ஓடும் நீரில் மிதவைத் தடுப்புகளைப் போட்டார்கள். ஓடையின் மதகுக் குழாய்க்கு அருகிலேயே, நீர் அடிவழியாக வெளியேறி எண்ணெய் மேலே தங்கும்படி ஒரு சிறு அணை கட்டியிருந்தால் பலன் அதிகமாக இருந்திருக்கும். எண்ணெய் மூழ்குவதற்கு முன்னால் கிடைக்கும் அந்தச் சில மணி நேரம்தான் மிக மலிவான நேரம். அதைத் தவறவிட்டால் பிறகு ஆண்டுக்கணக்கில் சேற்றைத் தோண்ட வேண்டியதுதான்.

நமக்குப் பக்கத்தில்

அமெரிக்கா தூரம் என்று நினைப்பவர்கள் பாசிர் கூடாங்கை நினைத்துப் பார்க்கலாம். 2019 மார்ச் 7-ஆம் தேதி சுங்கை கிம் கிம் ஆற்றில் கழிவு கொட்டப்பட்டது தெரியவந்தது. அது கப்பல் சார்ந்த எண்ணெய்க் கழிவு என்று நம்பப்பட்டது. முதலில் பாதிக்கப்பட்டவர்களில் பள்ளி மாணவர்கள் பலர். மார்ச் 11-இல் இரண்டாம் அலையாக மேலும் பலர் மூச்சுத் திணறலோடு மருத்துவமனைக்குப் போனார்கள். மார்ச் 13-இல் 111 பள்ளிகள் மூடப்பட்டன. சிகிச்சை பெற்றவர்கள் ஆயிரக்கணக்கில். கழிவு ஆற்றில் கிடக்கும் ஒவ்வொரு நாளும் ஆபத்து நீடிக்கிறது என்பதை நாம் ஜொகூரிலேயே பார்த்துவிட்டோம்.

அதே 2019 ஜூலையில், சிலாங்கூர் ஆற்றில் டீசல் கலந்ததால் நான்கு நீர் சுத்திகரிப்பு நிலையங்கள் நிறுத்தப்பட்டன. கிள்ளான் பள்ளத்தாக்கில் லட்சக்கணக்கான வீடுகளில் குழாய் வற்றியது. டீசல் மிதக்கும், நாற்றத்தால் தன்னைக் காட்டிக்கொடுக்கும். அடியில் படியும் எண்ணெய் அப்படி முன்கூட்டியே எச்சரிக்காது.

தமிழகத்திலும் ஒரு காட்சி. 2017 ஜனவரி 28-இல் எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதின. கரைக்கு வந்த எண்ணெய் சேறுபோல் கெட்டியாக இருந்ததால் உறிஞ்சும் இயந்திரங்கள் திணறின. தொழிலாளர்களும் மீனவர்களும் தன்னார்வ மாணவர்களும் வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிச்சாங் புயல் வெள்ளத்தோடு மணலிப் பகுதியிலிருந்து எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்துக்கு வந்தபோதும், மீனவர்கள் படகில் போய்க் குவளையால் மொண்டு எடுத்தார்கள். அந்த மனிதர்களின் மனசு பெரிது. ஆனால், அவர்கள் கையில் வாளியைத் தவிர வேறு எதையும் கொடுக்காத ஏற்பாட்டை நாம் பாராட்ட முடியாது. எண்ணெயிலிருந்து எழும் பென்சீன் போன்ற ஆவிகள் நல்ல மனசுக்காரரையும் விட்டுவைக்காது.

என்ன பயிற்சி?

மூழ்கிய எண்ணெயை எடுக்கும் வேலையில் முதல் கேள்வி, "என்ன எண்ணெய்?" என்பது. அதன் அடர்த்தி தெரிந்தால்தான் மேலே தேடுவதா, கீழே தேடுவதா என்று முடிவு செய்யலாம். இரண்டாவது கேள்வி, "எங்கே?" நீரோட்டம் தளரும் இடங்களில்தான் எண்ணெய் தங்கும்: ஆற்று வளைவின் உட்புறம், ஆழமான மடு, அணைக்கட்டின் பின்புறம். கலமசூவில் கம்பின் நுனியில் ஒரு தட்டைப் பொருத்தி அடிச்சேற்றைக் கிளறினார்கள். மேலே எழும் எண்ணெய்ப் படலத்தைப் பார்த்து அதிகம், மிதம், குறைவு என்று குறித்து வரைபடம் தயாரித்தார்கள். வேறு இடங்களில், எண்ணெய் ஒட்டிக்கொள்ளும் இழைக் கொத்துகளைச் சங்கிலியில் கட்டி அடியோடு இழுத்துப் பார்ப்பதும் உண்டு.

மூன்றாவது, எடுப்பது. முக்குளிப்பவர் குழாய் பிடித்து உறிஞ்சலாம். சேற்றைக் கிளறி எண்ணெயை எழவைத்துப் பிடிக்கலாம். கடைசி வழியாகத் தோண்டலாம். எதைச் செய்தாலும் எண்ணெயோடு தண்ணீரும் சேறும் மலைபோல் வரும். அவற்றைப் பிரித்து வைக்க இடம் வேண்டும். கூடுதலாகத் தோண்டினால் மீனும் புழுவும் வாழும் ஆற்றின் அடித்தளமே அழியும். எங்கே நிறுத்துவது என்ற முடிவும் பயிற்சியில் ஒரு பகுதிதான்.

பயிற்சிக்காக ஆற்றில் எண்ணெய் ஊற்ற முடியாது. மிதக்கும் எண்ணெய்ப் பயிற்சிகளில் ஆரஞ்சுப் பழங்களை மிதக்கவிட்டுப் பழகும் வழக்கம் உண்டு. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஓம்செட் என்ற நிலையத்தில் 203 மீட்டர் நீளத் தொட்டியே கட்டி, உண்மையான எண்ணெயைக் கொண்டு கருவிகளைச் சோதிக்கிறார்கள். நமக்கு அவ்வளவு பெரிய தொட்டி வேண்டியதில்லை. ஒரு பாரிட்டின் அடியில் அடையாளப் பொருள்களைப் போட்டுவிட்டு, கலங்கிய நீரில் கம்பாலும் சங்கிலியாலும் தேடிப் பழகினாலே நல்ல தொடக்கம்.

"எப்போதோ நடப்பதற்கு இவ்வளவா?"

இப்படிக் கேட்பவர்கள் இருப்பார்கள். பள்ளியில் தீ எப்போதாவதுதான் பிடிக்கும். இருந்தும் ஆண்டுதோறும் தீயணைப்புப் பயிற்சி நடத்துகிறோம். "குற்றவாளியைத் தண்டித்தால் போதும்" என்று சிலர் சொல்வார்கள். தண்டனை வேண்டியதுதான். 2024-இல் திருத்தப்பட்ட சுற்றுச்சூழல் தரச் சட்டம் அபராதத்தின் உச்ச வரம்பை 10 மில்லியன் ரிங்கிட்டாக உயர்த்தியதை நானும் வரவேற்கிறேன். ஆனால், அபராதம் ஆற்றின் அடியில் இறங்கி எண்ணெயை அள்ளாது.

கடலில் எண்ணெய் கசிந்தால் என்ன செய்வது என்பதற்கு நம் நாட்டில் தேசியத் திட்டம் இருக்கிறது. அனைத்துலகக் கடல்சார் அமைப்பும் முதலில் களமிறங்குபவர், களத் தலைவர், நிர்வாகி என்று மூன்று நிலைகளில் எண்ணெய்க் கசிவுப் பாடத்திட்டம் வகுத்திருக்கிறது. நான் கேட்பது, அந்த அக்கறை நாம் குடிக்கும் ஆறுகளுக்கும் வரவேண்டும் என்பதே. ஒவ்வொரு மாவட்டத்திலும் தீயணைப்பு மீட்புத் துறை, சுற்றுச்சூழல் துறை, வடிகால் நீர்ப்பாசனத் துறை, நீர் விநியோக நிறுவனம் ஆகிய நான்கும் ஒரே வரைபடத்தின் முன் உட்கார வேண்டும். எந்தத் தண்ணீர்க் கதவை யார் மூடுவது, நீர் எடுக்கும் இடத்துக்கு யார் செய்தி சொல்வது, மூழ்கிய எண்ணெயை யார் தேடுவது என்பதை முன்கூட்டியே எழுதி வைத்து, ஆண்டுக்கு ஒருமுறையாவது ஆற்றில் இறங்கிப் பழக வேண்டும். போலிடெக்னிக்குகளும் தொழிற்பயிற்சிக் கல்லூரிகளும் இதை ஒரு குறுகிய காலப் படிப்பாகத் தரலாம்.

மாணவர்களே, இங்கேதான் உங்கள் பங்கு வருகிறது. இந்த வேலைக்கு வேதியியல் படித்தவர் வேண்டும். நீரோட்டத்தைக் கணக்கிடும் பொறியியலாளர் வேண்டும். படகு ஓட்டுபவர், முக்குளிப்பவர், மண்வாரி இயந்திரம் இயக்குபவர் எல்லாரும் வேண்டும். எஸ்பிஎம் தேர்வில் பத்து 'ஏ' எடுத்தவருக்கும் இடமுண்டு. கைத்தொழிலில் கெட்டிக்காரருக்கும் இடமுண்டு. இப்போதே தொடங்க நினைப்பவர்கள் வயதும் தகுதியும் வந்ததும் தன்னார்வத் தீயணைப்புப் படையில் சேரலாம்.

அதுவரை ஒன்றை மட்டும் மனத்தில் வையுங்கள். ஆற்றிலோ பாரிட்டிலோ எண்ணெய் நாற்றம் அடித்தால், வாளியோடு இறங்காதீர்கள். விலகி நின்று 999-ஐ அழையுங்கள். இடத்தையும் நேரத்தையும் சரியாகச் சொல்லுங்கள். மேலே மிதந்த எண்ணெய் திடீரென்று காணாமல் போனால், அதையும் சொல்லுங்கள். பார்ப்பவர்களுக்கு அது தண்ணீர் தெளிந்ததுபோல் தோன்றும். எண்ணெய் கீழே இறங்கியிருக்கலாம் என்று சந்தேகப்பட, பயிற்சி பெற்ற ஒருவருக்குத்தான் தெரியும்.